எடை நகர்கிறதா?

அமேசானின் ஏடபிள்யூஎஸ் நடத்தும் ‘ஏஐ பிராக்டிஷனர்’ சான்றிதழ்த் தேர்வுக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 90 நிமிடம், 65 கேள்விகள். அவற்றில் 15 கேள்விகள் சோதனைக்காகச் சேர்த்தவை, மதிப்பெண் கிடையாது; எவை அந்தப் பதினைந்து என்று சொல்லவும் மாட்டார்கள். 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்குக் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதிவிட வேண்டும். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் இதற்குத்தான் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் இடது பக்கம் முழுக்கச் சொற்கள், வலது பக்கம் முழுக்க விளக்கங்கள்.

“எல்லாமே ஒண்ணு மாதிரியே இருக்கு சித்தப்பா. ராத்திரி படிக்கிறது காலையில நிக்க மாட்டேங்குது.”

தனித்தனியாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளச் சொன்னேன்: மாடலுக்குள் இருக்கும் எடை நகர்கிறதா, இல்லையா? குழப்பும் சொற்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே பிரிந்துவிடும்.

“எடைன்னா?”

600 சதுர அடி வீடு ஒன்று 36 லட்சத்துக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். சதுர அடியை ஓர் எண்ணால் பெருக்கி விலை சொல்வதுதான் நம் மாடல். அந்த எண் தொடக்கத்தில் குத்துமதிப்பாக 4,000. மாடல் 24 லட்சம் என்கிறது. 12 லட்சம் குறைவு. எண்ணைக் கொஞ்சம் ஏற்று. அடுத்த வீட்டைக் காட்டு. இன்னும் குறைவா, இன்னும் கொஞ்சம் ஏற்று. இப்படிப் போய் 6,000 பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்த எண்தான் எடை. பாராமீட்டர் என்று தேர்வில் கேட்பது இதைத்தான். அதை நகர்த்தி நகர்த்திச் சரிபண்ணும் காலம் டிரெய்னிங். சரியான பிறகு, அது பார்த்தே இராத 900 சதுர அடி வீட்டைக் கொடுத்தால் 54 லட்சம் என்கிறதே, அது இன்ஃபரன்ஸ். அப்போது எடை அசையாது. சதுர அடி ஃபீச்சர், விற்ற விலை லேபிள். லேபிளோடு கற்றுக்கொடுத்தால் சூப்பர்வைஸ்டு. லேபிளே இல்லாமல், ஒன்றுபோல் இருப்பவற்றை நீயே கூட்டம் பிரித்துக்கொள் என்று விட்டால் அன்சூப்பர்வைஸ்டு. 2020-ல் வந்த ஜிபிடி-3 மாடலில் இந்த மாதிரி எண்கள் 17,500 கோடி. நம் மாடலில் ஒன்றே ஒன்று. தப்பைப் பார்த்து நகர்த்துவது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் கேள்வி தயாரிப்பவர்கள் பொறி வைக்கிறார்கள். ‘பாராமீட்டர்’ என்ற பெயரில் மூன்று தனித்தனி ஆட்கள் நடமாடுகிறார்கள். முதல் ஆள் நாம் பார்த்த எடை. அதை மாடலே கற்றுக்கொள்கிறது. இரண்டாம் ஆள் ஹைப்பர்பாராமீட்டர். டிரெய்னிங் தொடங்கும் முன் நாம் உட்கார்ந்து முடிவுசெய்வது. ஒவ்வொரு தடவையும் எண்ணை எவ்வளவு ஏற்றுவது என்பது லேர்னிங் ரேட். மொத்தத் தரவையும் எத்தனை முறை சுற்றிவருவது என்பது எபோக். 10,000 வீட்டு விவரங்களை நூறு நூறாகக் கொடுத்தால் ஒரு எபோக்குக்கு 100 தடவை எடை நகரும். 5 எபோக் என்றால் 500 தடவை. மூன்றாம் ஆள் இன்ஃபரன்ஸ் பாராமீட்டர்: டெம்பரேச்சர், டாப்-பி வகையறா. விடையில் எவ்வளவு மாறுதலுக்கு இடம் கொடுக்கலாம் என்று கேள்வி கேட்கும் நேரத்தில் வைப்பது. டெம்பரேச்சரை எங்கே வைத்தாலும் எடை இம்மியும் நகராது. “விடை கேட்கக் கேட்க மாறுகிறது, ஒரே மாதிரி வர வேண்டும்” என்று கேள்வி வந்தால் டெம்பரேச்சரைக் குறை என்பது விடை. மறுபடி டிரெய்னிங் பண்ணு என்பதும் அங்கே ஒரு தெரிவாக நிற்கும். அதைத் தொடக் கூடாது.

தேர்வுப் பாடத்திட்டத்தில் ஜெனரேட்டிவ் ஏஐ 24 சதவீதம், ஃபவுண்டேஷன் மாடல்களின் பயன்பாடு 28 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் பாதிக்கு மேல். அந்தப் பாதியிலும் திரும்பத் திரும்ப வருவது, ஒரு மாடலை நம் வேலைக்கு எப்படிப் பழக்குவது என்பதுதான். நம் கேள்வியையே போட்டுப் பார்க்கலாம்.

கேள்வியோடு ரெண்டு மூன்று மாதிரி விடைகளையும் சேர்த்துக் கொடுப்பது ஃப்யூ-ஷாட் ப்ராம்ப்ட். எடை நகராது. கம்பெனி ஆவணங்களிலிருந்து பொருத்தமான பக்கத்தைத் தேடி எடுத்து, கேள்வியோடு ஒட்டி மாடலிடம் கொடுப்பது ரேக். அப்போதும் நகராது. பக்கத்தைத் தேடுவதற்காக எழுத்தை எண்களின் வரிசையாக்கி வைப்பது எம்பெடிங். பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும், அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை. கேள்வியும் விடையுமாக லேபிள் போட்ட ஜோடிகளைக் கொடுத்துத் திருத்துவது ஃபைன்-ட்யூனிங், இங்கே நகரும். லேபிள் இல்லாத துறைசார் எழுத்துகளைக் குவியலாகக் கொட்டிப் படிக்கவைப்பது கன்டின்யூடு ப்ரீ-டிரெய்னிங், இங்கேயும் நகரும். கடைசி இரண்டையும் பிரிப்பது லேபிள் மட்டுமே. பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

“ஆபீஸ் லீவு ரூல்ஸ் மாசாமாசம் மாறுது, அதுக்கு சாட்பாட் வேணும்னா?”

“நீயே சொல்லும்மா.”

“மாசாமாசம் எடையை நகர்த்திட்டு இருக்க முடியாது. ரேக்.”

அவ்வளவுதான். செலவும் இதே வரிசையில்தான் ஏறும்: ப்ராம்ப்ட், ரேக், ஃபைன்-ட்யூனிங், கடைசியில் ப்ரீ-டிரெய்னிங். கேள்வியில் “மிகக் குறைந்த செலவில்” என்ற சொல் இருந்தால் வரிசையின் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். மாடல் இல்லாததை இருப்பதுபோல் அடித்துச் சொல்வது ஹாலுசினேஷன். அதைக் குறைக்கவும் பெரும்பாலும் ரேக்தான் விடையாக இருக்கும்.

செலவு என்றால் டோக்கனும் வரும். டோக்கன் என்பது மாடல் எழுத்தை விழுங்கும் துண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டோடு முடிந்துவிடும். ‘வணக்கம்’ என்பதை எடுத்தால், புள்ளிகளையும் சேர்த்துக் கணினிக்கு 7 குறிகள், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 21 பைட். பைட்டிலிருந்து துண்டு கட்டும் மாடல்களில் தமிழுக்கு டோக்கன் கூடுதலாகச் செலவாவது இதனால்தான். கட்டணம் டோக்கன் கணக்கில். ஒரே சேதியைத் தமிழில் கேட்டால் பில் ஏறுகிறது, யாரும் இதைத் தேர்வில் கேட்பதில்லை.

அடுத்தது கணக்கு. ஆடிட்டர் அலுவலகத்துப் பெண்ணுக்கு இது பிடித்தது. 1,000 பேர், அவர்களில் 20 பேருக்கு நோய். ஒரு சோம்பேறி மாடல் பரிசோதிக்காமலே எல்லோரையும் ‘நோய் இல்லை’ என்கிறது. 980 பேருக்குச் சரி. அக்யூரசி 98 சதவீதம். இன்னொரு மாடல் உண்மையாகவே உழைத்து 50 பேரைச் சுட்டுகிறது. அவர்களில் 16 பேருக்கு நோய் உண்டு, 34 பேருக்கு இல்லை. 4 நோயாளிகள் தப்பிவிட்டார்கள். சரியானவை 16-ம், நோய் இல்லாத 980-ல் 34 போக மீதி 946-ம் சேர்த்து 962. அக்யூரசி 96.2 சதவீதம்.

“அப்ப சோம்பேறிதான் ஜெயிக்குதா?”

அக்யூரசியை மட்டும் பார்த்தால் ஆமாம். அதனால்தான் வேறு இரண்டு அளவுகள். இருபது நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடித்தாய் என்பது ரீகால்: 16/20, 80 சதவீதம். சோம்பேறிக்கு அது பூஜ்யம். நீ சுட்டிய ஐம்பதில் எத்தனை நிஜம் என்பது பிரிசிஷன்: 16/50, 32 சதவீதம். எதை நம்புவது என்பது எந்தத் தப்பு வலிக்கும் என்பதைப் பொறுத்தது. நோயாளியை விட்டுவிடக் கூடாதென்றால் ரீகால். அவசரமான நல்ல மெயிலை ஸ்பாம் பெட்டியில் தள்ளிவிடக் கூடாதென்றால் பிரிசிஷன். இரண்டும் வேண்டும் என்றால், இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணாக்கும் எஃப்-1.

அவள் கைபேசியில் யாரோ அனுப்பிய ‘டம்ப்’ ஒன்று இருந்தது, பழைய கேள்விகளும் விடைகளும். அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய், எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டதும் முழிப்பவனின் நிலைமைதான் ஓவர்ஃபிட்டிங்: பழகிய தரவில் பிரமாதம், புதியதில் சொதப்பல். பழகியதிலேயே சொதப்பினால் அண்டர்ஃபிட்டிங். இந்த அண்டர்ஃபிட்டிங்கை ‘ஹை பயஸ்’ என்றும் சொல்வார்கள். பாடத்திட்டத்தின் ‘பொறுப்பான ஏஐ’ பகுதியில் வரும் பயஸ் வேறு, அது பாரபட்சம். ஆளெடுப்புக்காக அமேசான் உருவாக்கிய ஒரு மாடல், பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைப் படித்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் என்ற சொல் வரும் விண்ணப்பங்களை அது கீழே தள்ளியதாகவும், கடைசியில் அமேசான் அந்த மாடலைக் கைவிட்டதாகவும் 2018-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. தேர்வை நடத்தும் ஏடபிள்யூஎஸ் அதே அமேசானின் பிரிவுதான். பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் தரும் கருவி சேஜ்மேக்கர் கிளாரிஃபை, கேள்வியாகவும் வரும்.

ஏடபிள்யூஎஸ் சேவைகளின் பெயர்களுக்கு மட்டும் என்னிடம் வழி எதுவும் இல்லை. பேச்சை எழுத்தாக்குவது டிரான்ஸ்கிரைப், எழுத்தைப் பேச்சாக்குவது பாலி, ஸ்கேன் பண்ணிய பில்லிலிருந்து எழுத்தை எடுப்பது டெக்ஸ்ட்ராக்ட், படத்தில் இருப்பதைச் சொல்வது ரெக்கக்னிஷன். இதை உருப்போட்டுத்தான் ஆக வேண்டும்.

“அப்ப நோட்டைத் தூக்கிப் போட வேணாம்?”

“அந்த ஒரு பக்கத்தை வச்சுக்கோ.”