கபறைத் திறக்கும் ஆணை

நல்லடக்கம் செய்யப்பட்ட உடலை மீண்டும் வெளியே எடுப்பதை எந்தச் சமுதாயமும் எளிதில் ஏற்பதில்லை. எனினும் இறப்பில் நஞ்சு பற்றிய ஐயம் எழுமாயின், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. நம் நாட்டில் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு இவ்வதிகாரத்தை அளித்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு அளிக்கிறது. இயன்றவரை உறவினருக்கு அறிவித்து, அவர்களை உடனிருக்க விட வேண்டும் என்பதும் அதில் அடங்கும். கால வரம்பு ஏதும் அங்கே விதிக்கப்படவில்லை.

நஞ்சின் இயல்போ வேறு. ஆர்சனிக் எனப்படும் பாடாணம் முடியிலும் நகத்திலும் எலும்பிலும் நெடுங்காலம் தங்கும். தாவர நஞ்சுகள் பல உடலோடு சிதைந்துவிடும். மண்ணிலும் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்பதால், கபறைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒப்பீட்டுக்காக எடுப்பர். ஆகவே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நீதிமன்றம், ஐயத்திற்கு அடிப்படை உண்டா என்பதோடு, தோண்டினால் விடை கிடைக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இதிலுள்ள இடர்ப்பாட்டைப் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத்தின் வழக்கில் காண்கிறோம். 2004 நவம்பர் 11 அன்று பாரிஸை அடுத்த இராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். பிரேதப் பரிசோதனை நடைபெறவில்லை. அந்த ஒரு குறையே பின்னர் நேர்ந்த அனைத்திற்கும் மூலம் என்பது எம் கருத்து. 2012இல் அவருடைய உடைமைகளில் பொலோனியம்-210 என்னும் கதிரியக்கப் பொருளின் தடயம் தென்பட்டதாக சுவிட்சர்லாந்து ஆய்வகம் ஒன்று கூறவே, அவருடைய துணைவியார் பிரான்சின் நான்தேர் நீதிமன்றத்தை அணுகினார். நவம்பர் 27 அன்று ரமல்லாவில் கபறு திறக்கப்பட்டு, மாதிரிகள் சுவிஸ், பிரெஞ்சு, ரஷ்ய நிபுணர்களிடம் பகிர்ந்தளிக்கப்பட்டன.

பொலோனியம்-210 ஏறத்தாழ 138 நாள்களில் பாதியாகக் குறையும். எட்டாண்டுகளில் இருபத்தொரு முறை பாதியானால், எஞ்சுவது இருபது இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. அத்துணைச் சிறிய எச்சத்தை வைத்துச் சுவிஸ் நிபுணர் நஞ்சூட்டலுக்கு ஓரளவு ஆதரவு உண்டென்றனர். பிரெஞ்சு நிபுணர் அது மண்ணின் ரேடான் வாயுவால் விளைந்ததென்றனர். ரஷ்யர் இயற்கை மரணம் என்றனர். நிபுணர் மூவரும் மூன்று கூறினால் நீதிபதி எதைக் கொள்வார்?

2015 செப்டம்பரில் நான்தேர் நீதிபதிகள் வழக்கை முடித்தனர். 2016இல் வெர்சாய் மேல்முறையீட்டு மன்றம் அதனை உறுதிசெய்தது. துணைவியாரும் மகளும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தொடுத்த முறையீடும் 2021இல் ஏற்கப்படவில்லை.