அப்போஸ்டில்: கையெழுத்துக்கு ஒரு சாட்சி

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்பது மாட்ரிட்டில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரு முத்திரை வரும்வரை, ஒரு கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்தைச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பேச்சுவழக்கில் இதுதான் அட்டெஸ்டேஷன்.

பழைய முறை நீளமானது. பட்டச் சான்றிதழுக்கு மாநில உயர்கல்வித் துறை சான்றொப்பமிடும். பிறப்பு, திருமணச் சான்றுகளுக்கு அரசின் வேறு துறை. அதன்மேல் வெளியுறவு அமைச்சகம். கடைசியில், போகிற நாட்டின் தூதரகம். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் தமக்கு முந்தைய கையெழுத்தை மட்டுமே சரிபார்க்கிறார்.

இந்தச் சங்கிலியைக் குறைக்க 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம் தந்த சான்றே அப்போஸ்டில். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பு நாடுகளுக்குள் பொதுவாகத் தூதரகப் படி தேவையில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலே போதும். அதன் வடிவத்தையும் ஒப்பந்தமே வகுத்திருக்கிறது: பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரம், எண்ணிட்ட பத்து விவரங்கள், எந்த நாடு வழங்கினாலும் தலைப்பு பிரெஞ்சில். இந்தியாவில் அது தனி எண்ணுள்ள ஸ்டிக்கராகச் சான்றிதழின் பின்பக்கம் ஒட்டப்படுகிறது.

கையெழுத்து உண்மை, போட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர், முத்திரை அசல் என்பதற்கு மேல் அந்த ஸ்டிக்கர் எதற்கும் பொறுப்பேற்காது. மதிப்பெண் சரியா, அந்தப் படிப்பை அந்த நாடு ஏற்குமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள். அப்போஸ்டில் வாங்கியும் வேலை கிடைக்காமல் போவது இதனால்தான்.

சவூதி அரேபியா 2022இலும், சீனா 2023இலும், கனடா 2024இலும் ஒப்பந்தத்துக்குள் வந்தன. தமிழர்கள் அதிகம் வேலைக்குப் போகும் ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இதில் இல்லை. அங்கே போகிறவர்களுக்குத் தூதரக முத்திரை இன்றும் வேண்டும்.

அப்போஸ்டிலுக்காக முன்பு டெல்லிவரை போக வேண்டியிருந்த வேலை, 2019 முதல் சென்னையிலும் நடக்கிறது. அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் நிறுவனங்கள் வழியாகவே ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். முகவரின் சேவைக் கட்டணம் தனி. தெருமுனை ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது பெரும்பாலும் அலைச்சலுக்கான கூலி.

சான்றிதழ் கைக்கு வந்ததும் லேமினேட் செய்வது பல வீடுகளில் வழக்கம். முத்திரை காகிதத்தில்தான் விழ வேண்டும் என்பதால் பிறகு அதைப் பிரிக்கச் சொல்வார்கள். பிரிக்கும்போது கிழிந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதுதான். சாதாரண பிளாஸ்டிக் உறையே போதும்.