மரப்படிக்கட்டு பழுதுபார்ப்பு (போடிநாயக்கனூர் வட்டாரம்)

மரப்படிக்கட்டு பழுதுபார்ப்பு என்பது பழைய மரப்படிகளின் ஆட்டம், வெடிப்பு, அரிப்பு ஆகியவற்றைச் சரிசெய்து, பின்னர் அவற்றுக்கு மெருகூட்டும் வேலை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலும் சிலமலை முதலிய சுற்று ஊர்களிலும் இப்போது கட்டப்படும் வீடுகளுக்குக் கான்கிரீட் படிதான். ஆனால் மச்சு வைத்த பழைய வீடுகளிலும் ஏலமலைச் சரிவின் எஸ்டேட் பங்களாக்களிலும் மரப்படி இன்னும் புழக்கத்தில் உண்டு. கான்கிரீட் படிக்குக்கூடக் கைப்பிடியை மட்டும் தேக்கில் செய்வோர் பலர்.

இவ்வேலை அழகுக்கானது என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. உண்மையில் இது முதலில் பாதுகாப்பு வேலை. இறங்கும்போது தடுமாறும் முதியவரின் முழு எடையையும் ஒரு கணத்தில் தாங்க வேண்டியது கைப்பிடி. அதன் அடித்தூண் ஆடினால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பயனில்லை.

பழுது ஏற்படும் விதம்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், வெயிலில் சுருங்கும். போடி மலையடிவாரத்தில், மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்த பலகை பங்குனி, சித்திரையில் சுருங்கிவிடும். போடிமெட்டுப் பக்கம் மேலே போனால் தென்மேற்குப் பருவ ஈரமும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பருத்தும் சுருங்கியும் வந்தால், துளையில் இறக்கிய கழுந்து தளர்கிறது. மிதித்ததும் கிறீச்சிடும் ஒலி அங்கிருந்துதான் வருகிறது. பழைய இரும்பு ஆணிகள் துருப்பிடித்தால் அவற்றைச் சுற்றியுள்ள மரமும் கருத்து மென்மையாகிவிடும்.

கரையானையும் உளுவண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கரையான் மண் தடம் கட்டிக்கொண்டு தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ஏறும். உளுவண்டு குண்டூசித் துளை இட்டு, அடியில் மாவு போன்ற தூளைக் கொட்டும். முன்னதற்கு மண்ணிலும் சுவரோரத்திலும் மருந்து வைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், புதுப் பலகையும் சில ஆண்டுகளில் போய்விடும்.

தச்சரும் பாலிஷ்காரரும்

இவை இரண்டு தனித் தொழில்கள். பலரும் நேராகப் பாலிஷ்காரரை அழைத்துவிடுகிறார்கள். அவர் வெடிப்பை மக்கு வைத்து அடைத்து, நிறம் கொடுத்து, மேலே பூசிவிடுவார். அது அவர் தொழில், அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அடியிலுள்ள பலவீனம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முதலில் தச்சர் வர வேண்டும்.

நல்ல ஆசாரி விலை சொல்லும் முன் படிக்கு அடியில் புகுந்து பார்ப்பார். பலகையைச் சுத்தியின் பிடியால் தட்டி ஒலி கேட்பார், சந்தேகமான இடத்தில் உளிமுனையால் குத்திப் பார்ப்பார், கைப்பிடியைப் பக்கவாட்டில் அழுத்துவார். வாசலில் நின்றே ஒரு தொகை சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. கதவு, நிலை செய்வதில் பெயர் பெற்றவர் படியிலும் அப்படியே தேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. அவர் செய்த படி வேலை ஒன்றை நேரில் போய் ஏறிப் பார்ப்பதே நல்லது.

எல்லாப் பலகையையும் மாற்றத் தேவையில்லை. நடுவில் தேய்ந்த மிதிபலகை கனமாகவும் உறுதியாகவும் இருந்தால், அதைக் கழற்றித் திருப்பிப் போடலாம். முன்விளிம்பு மட்டும் சிதைந்திருந்தால் அவ்வளவை அறுத்தெடுத்து அதே சாதி மரத்தில் துண்டு ஒட்டலாம். தளர்ந்த இணைப்பைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். வெளியிலிருந்து ஆணி அடித்து இறுக்குவது சில மாதம்தான் தாங்கும். புதிய பலகை மற்றவற்றைவிடக் கனமாக இருந்தால் ஒரு படி மட்டும் உயர்ந்துவிடும். பழகிய கால் அங்கேதான் தடுக்கும்.

குடியிருப்புக் கட்டடங்களின் படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பழைய மச்சுப் படிகளில் பல இதற்கு அடங்காதவை. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் செங்குத்தான, குறுகிய மரப்படிகளில் ஏறியவர்களுக்கு இது புரியும். அத்தகைய படியை மாற்றியமைக்க இடமில்லாவிட்டால் இரு பக்கமும் கைப்பிடி வைப்பது உதவும்.

மரம் வாங்கும்போது ரசீது அவசியம். ஈட்டி மரத்தைப் பட்டா நிலத்தில்கூட அனுமதியின்றி வெட்டுவதை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2025 வரை தடுத்துவந்தது. பிரித்த வீடுகளின் பழைய தேக்கு நன்கு உலர்ந்திருக்கும் என்பதால் ஒட்டுவேலைக்குப் புது மரத்தைவிட ஏற்றது. காரைக்குடியில் இத்தகைய பழைய மரச் சாமான்களுக்கென்றே கடைகள் உள்ளன.

மெருகு

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்கவிடாமல், நனைத்துத் தேய்க்க வேண்டும். தொழிலாளி முகக்கவசம் அணிய வேண்டும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் கைப்பிடிக்கு அழகு. ஆனால் மிதிபலகைக்கு ஆகாது: தண்ணீர் பட்டால் வெளுக்கும், விரைவில் தேயும். மிதிபலகைக்குத் தரைக்கென்றே வரும் பியூ பூச்சு ஏற்றது, அதிலும் பளபளப்பு குறைந்தது. கண்ணாடிபோல் மின்னும் படி ஈரக் காலுக்கு வழுக்கும்.

மழைக்காலத்தில் அரக்குப் பூச்சு ஈரம் வாங்கிப் பால்போல் வெளுக்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வீசும் காற்று, உலராத பூச்சில் தூசியை ஒட்டிவிடும். போடிப் பக்கத்துக்கு மாசி முதல் சித்திரை வரை வசதியான காலம்.

கூலி பேசும்போது தச்சு வேலையையும் பாலிஷையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். மறைந்த சேதம் பிரித்தபின்தான் தெரியும் என்பதால் தச்சு வேலைக்கு நாள் கூலி நியாயமானது. பாலிஷைச் சதுர அடிக் கணக்கில் பேசலாம். கடைசல் கால்களை எப்படி அளப்பது என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் கடைசியில் தகராறு வரும். எத்தனை கோட்டிங், பொருள் யார் வாங்குவது என்பதையும் எழுதிக்கொள்ளலாம். தொழிலாளி தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்தவரா என்று கேட்பதும் நல்லது. பதிந்தவருக்கு விபத்து உதவி கிடைக்க வழியுண்டு.

மாடியில் ஆள் குடியிருந்தால் எல்லாப் படிக்கும் ஒரே நாளில் பூச இயலாது. ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசி, அவை நன்கு இறுகியபின் மீதியைப் பூசுவார்கள். அதுவரை, பூசாத படிகளில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுவிட்டால் இரவில் இறங்குபவருக்குக் குழப்பம் இராது.