ஒரே இணைப்பு, நான்கு கடைகள்: பங்கு போடுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

கல்முனைப் பிரதான வீதியில் மூன்று தட்டுக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே ஒரு பாமசியும் ஒரு புடவைக்கடையும். முதலாம் மாடியில் ட்ரவல்ஸ். அதற்கு மேல் டியூட்டரி. நான்கு பேரும் தனித்தனியாக இணைய இணைப்பு எடுத்து, தனித்தனியாக மாதக் கட்டணம் செலுத்துகின்றனர். நால்வரும் சேர்ந்து வேகமான பைபர் இணைப்பு ஒன்றை எடுத்தால் செலவு குறையுமே என்ற எண்ணம் வருவது இயல்பு. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கையில் ஆரம்பமான பின்னர், அதன் கருவியைக் கூட்டாக வாங்கலாமா என்ற யோசனையும் இதனுடன் சேர்ந்துள்ளது.

பங்கிட்டுப் பாவிப்பது நமக்குப் புதிதல்ல. மத்திய கிழக்கிலிருந்து வரும் அழைப்புக்காக ஊரே கொம்யூனிகேஷன் கடையில் காத்திருந்த காலம் இருந்தது. பின்னர் ஒரே இணைப்பில் பல கணனிகளை வைத்து நெட்கபே நடத்தினோம். ஆனால் அங்கே கடைக்கு ஒரு முதலாளி இருந்தார், கணக்கும் பொறுப்பும் அவருடையதாக இருந்தன. நான்கு முதலாளிமார் ஒரு இணைப்பில் சேரும்போது அது ஒரு கூட்டு வியாபாரம். அதைக் கூட்டு வியாபாரமாகவே நடத்த வேண்டும்.

வேகமும் அளவும்

வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பை நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 25தான் என்று நினைக்க வேண்டாம். மற்ற மூவரும் பாவிக்காத நேரத்தில் நாலாமவருக்கு முழு வேகமும் கிடைக்கும். புடவைக்கடைக்காரர் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும், ட்ரவல்ஸ்காரர் டிக்கட் பதிவதும் சில வினாடி வேலை. ஆகவே சாதாரண நாளில் நால்வருக்கும் தாராளமாகப் போதும்.

பிரச்சினை மாத அளவில்தான் வரும். நமது நாட்டில் பல பெக்கேஜ்களுக்கு இத்தனை ஜிகாபைட் என்ற எல்லை உண்டு. கண்காணிப்புக் கமெரா ஒன்று வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாக இணையத்துக்குப் படம் அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் போகும். முப்பது நாளில் 648 ஜிகாபைட். ஒருவருடைய ஒரு கமெரா மற்ற மூவருடைய பங்கையும் தின்றுவிடும். கமெராப் பதிவைக் கடைக்குள்ளேயே பெட்டியில் சேமித்து, தேவையானபோது மட்டும் தொலைபேசியில் பார்த்தால் இந்தச் செலவு இல்லை.

கட்டணத்தைப் பிரிக்க ஒரு நியாயமான வழி உண்டு. மாதக் கட்டணம் 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பாதியைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,250. மீதி 5,000 ரூபாவைப் பாவனைப்படி பிரிக்க வேண்டும். மொத்தத்தில் பாதியைப் பாவித்த டியூட்டரிக்கு 2,500 சேர்ந்து 3,750 ரூபா. பத்திலொன்று பாவித்த பாமசிக்கு 500 சேர்ந்து 1,750 ரூபா. யார் எவ்வளவு பாவித்தார் என்று கணக்குக் காட்டும் நல்ல ரவுட்டர் ஒன்றை இதற்கென வாங்குங்கள். இணைப்புடன் தரும் சாதாரண ரவுட்டரில் இவ்வசதி பெரும்பாலும் இராது.

ஒவ்வொரு கடைக்கும் தனி வலையமைப்பும் தனிக் கடவுச்சொல்லும் அவசியம். இல்லாவிட்டால் டியூட்டரி மாணவரின் தொலைபேசியிலிருந்து பாமசியின் பில் போடும் கணனியைத் தேடிப் பிடிக்கலாம்.

வயரும் மின்சாரமும்

சாதாரண செப்புக் கேபிள் 100 மீற்றர் வரைதான். அதைக் கட்டடத்துக்கு வெளியே இழுத்து அடுத்த கட்டடத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடி மின்னலில் இருபக்கக் கருவிகளும் கருகலாம். அவ்விடத்துக்குப் பைபர் கேபிளே பாதுகாப்பு, அது மின்சாரத்தைக் கடத்தாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டையும் கண்டோம். ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைப்பது நல்லது. அந்த ஒரு இணைப்பு அறுந்தால் நான்கு கடையும் ஒன்றாக நிற்கும் என்பதால், ஆளுக்கொரு சிம் இணைப்பும் கைவசம் இருக்கட்டும்.

பெயர் யாருடையது?

எல்லாவற்றிலும் பெரிய விடயம் இதுதான். இணைப்பு ஒருவரின் பெயரில் இருக்கும். நான்கு கடையிலிருந்தும் எது வெளியே போனாலும் அது ஒரே முகவரியாகவே தெரியும். மேல்மாடியில் ஒருவர் போலிக் கணக்குத் திறந்து மோசடி செய்தாலோ, இனவாதப் பதிவு ஒன்றைப் போட்டாலோ, விசாரணை முதலில் வருவது இணைப்புக்காரரிடம்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, நீதவானின் உத்தரவு பெற்று, சந்தாதாரரின் விபரத்தைச் சேவை நிறுவனத்திடமிருந்து எடுக்கலாம். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருது வாடகை வீடொன்றில் நடந்த அந்தத் துயரத்தின் பின், யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டோம். இணைப்பைக் கொடுப்பதும் அவ்வாறே.

கட்டட உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. செலவைப் பகிர்வது வேறு, இலாபம் வைத்து விற்பது வேறு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமின்றித் தொலைத்தொடர்பு முறைமை நடத்துவது குற்றம். இந்தியாவில் 2020 டிசம்பரில் அங்கீகரிக்கப்பட்ட பிஎம்-வாணி திட்டத்தில் தேநீர்க் கடைக்காரரும் அனுமதிப்பத்திரமின்றி வைபை விற்கலாம். அது அந்நாட்டு ஏற்பாடு, அதை இங்கே உதாரணம் காட்ட முடியாது. செலவை மட்டும் பகிர்வதானாலும், சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவப்பட்ட சமூகம் நாம். ஆகவே வர்த்தக சகோதரர்கள் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள்: இணைப்பு யார் பெயரில், கட்டணம் எப்படிப் பிரியும், எத்தனையாம் திகதிக்குள் பணம் தர வேண்டும், கமெராவும் வாடிக்கையாளர் வைபையும் கூடுமா கூடாதா, கருவி யாருக்குச் சொந்தம், ஒருவர் கடையைக் காலி செய்தால் அவரது முற்பணம் என்னவாகும், கடவுச்சொல்லை யார் மாற்றுவது. இந்த ஏழுக்கும் நால்வரும் ஒரே பதில் சொன்னால் தாராளமாகச் சேருங்கள். ஒன்றிலாவது இழுபறி இருந்தால், சிறிய பெக்கேஜாக இருந்தாலும் அவரவர் இணைப்பு அவரவருக்கு இருக்கட்டும். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சப்படுத்தப் போய் அடுத்த கடைக்காரருடன் பேச்சில்லாமல் போவது நஷ்ட வியாபாரம்.