வெள்ளைப்படுதல்: அஞ்சறைப் பெட்டியா, மருந்துக்கடையா?

சென்ற காப்பிப் பருவத்தின் முடிவில், வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தாயார் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். அவர் இன்னாரென்று தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பவர். உடன் வந்த மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டே பேசத் தொடங்கினார். மஞ்சள் பையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்: ஒரு படிகாரக் கட்டி, வேப்பிலைப் பொடி, பாதி பிதுக்கிய இரண்டு களிம்புகள், ஒரு மாத்திரையின் வெற்று உறை. எட்டு மாதங்களாக அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். "சூட்டு உடம்புங்கம்மா, அதனாலதான்" என்றார்.

வீட்டு வைத்தியம் நல்லதா, கடை மருந்து நல்லதா என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். அந்தப் பையில் இரண்டுமே இருந்தன, இரண்டுமே பலிக்கவில்லை. வந்திருப்பது என்ன நோய், ஏன் வந்தது என்பதை அந்த எட்டு மாதங்களில் ஒருவரும் பார்க்கவில்லை என்பதே காரணம்.

கேண்டிடா என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. ஆப்ப மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்குத் தூரத்து உறவு. நலமாக இருப்பவரின் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் அது அமைதியாகக் குடியிருக்கிறது. அதை அடக்கி வைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறையும்போதும், ஈரமோ சர்க்கரையோ மிகும்போதும் தலையெடுக்கிறது. அப்போது கடும் அரிப்பும், உடைந்த தயிர் போன்ற கெட்டியான வெள்ளையும் தோன்றும்; பெரும்பாலும் துர்நாற்றம் இராது. மீன் வாடை வீசினால் அது பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வந்ததாக இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியை ஐயுற வேண்டும். அதற்குக் கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். பூஞ்சை மருந்து இவ்விரண்டையும் தொடாது.

அறிகுறியைக் கொண்டு தாமே முடிவு செய்வது எளிதன்று. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்குப் பூஞ்சைத் தொற்று என்று நம்பிக் கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அது பூஞ்சைத் தொற்றாக இருந்தது. பஞ்சுக்குச்சியில் எடுத்த திரவத்தின்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஐயம் தீரும். இதைவிட எளிய பரிசோதனை எங்கள் பிரிவில் வேறு அதிகம் இல்லை.

இனி அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். வெந்தயம், இளநீர், மோர் ஆகியவற்றை உண்பதிலும் பருகுவதிலும் எங்களுக்கு எவ்வித மறுப்பும் இல்லை. தயிரைப் பற்றி 1992இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நாள்தோறும் தயிர் உண்ட பெண்களுக்குத் தொற்று திரும்ப வருவது குறைந்தது என்றது அது. ஆனால் சேர்ந்த 33 பேரில் இறுதிவரை நின்றவர்கள் 13 பேரே. தயிரை நிறுத்துங்கள் என்றபோது எட்டுப் பெண்கள் மறுத்துவிட்டனர் என்பது அதில் எங்களுக்குப் பிடித்த செய்தி. எனினும் அதை வைத்துத் தயிரை மருந்தென்று கூற இயலாது. நம் வீட்டில் உறைந்த தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வேறு வகை. தயிரில் ஈஸ்டும் இருக்கக்கூடும். ஆகவே தயிர் வயிற்றுக்குள் செல்லட்டும். உறுப்புக்குள் வைக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெயை வெளித்தோலில் தடவுவதால் வறட்சியும் உராய்வும் தணியும். ஆனால் அது ஆணுறையின் ரப்பரை நலிவடையச் செய்யும் என்பதை நினைவிற் கொள்க. பூண்டுச் சாறு ஆய்வகக் கிண்ணத்தில் பூஞ்சையை அடக்குகிறது. மென்மையான உட்சதையில் வைத்தால் சதையைப் பொசுக்குகிறது. அவ்வாறு புண்ணாகி வந்தோரை நாங்கள் பார்த்திருக்கிறோம். படிகார நீர், மஞ்சள் நீர், வேப்பிலை நீர், கிருமிநாசினித் திரவம் ஆகியவற்றால் உட்புறத்தைக் கழுவுவதே இவை அனைத்திலும் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது. காவலிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அவை உண்டாக்கும் அமிலமும் அந்தக் கழுவலில் போய்விடுகின்றன. பெண்ணுறுப்பின் உட்புறம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். வெளிப்புறத்திற்கு வெறும் நீர் போதும்.

இயற்கை, இரசாயனம் என்ற பாகுபாடு இங்கு உதவுவதில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் 1950இல் அறிவித்த நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்து, ஒரு பண்ணை மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. கேரம் பலகையில் தூவும் பவுடர்களில் உள்ள போரிக் அமிலமும், வழக்கமான மருந்துக்கு அடங்காத சில கேண்டிடா வகைகளுக்கு 600 மி.கி. அளவில் உள்ளே வைக்கும் குளிகையாகப் பயன்படுகிறது. விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து, கருவுற்றோருக்கும் ஆகாது. அளவும் இடமும் தெரிந்தால்தான் ஒரு பொருள் மருந்தாகிறது.

கடை மருந்துக்கும் இதுவே பொருந்தும். சாதாரணத் தொற்றுக்கு 150 மி.கி. ஃபுளுகோனசோல் ஒரே மாத்திரை, அல்லது சில இரவுகள் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை போதுமானது. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் குணமாகும். கருவுற்ற பெண்கள் ஃபுளுகோனசோலை விழுங்கலாகாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தை 7 நாட்கள் தருகிறோம். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை உண்போருக்கு அது சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்தக்கூடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். கடையில் ஒரு மாத்திரை கேட்டு வாங்கும்போது இக்கேள்விகளை யார் கேட்கிறார்கள்?

ஆயினும் அந்தத் தாயாருக்கு மிகுந்த கெடுதல் செய்தது மாத்திரை அன்று, களிம்பு. பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கலவைக் களிம்பு அது. தடவிய அன்றே அரிப்பு அடங்கும். ஆகவே நல்ல மருந்து என்ற பெயர் பெற்றுவிடுகிறது. உள்ளே பூஞ்சை பரவும், தோல் காகிதம்போல் மெலியும், தொடையிடுக்கில் அழியாத வரிகள் விழும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு எதிரான விதியை மத்திய அரசு 2018இல் இறுக்கியது. இருந்தும் இவ்வகைக் களிம்பைச் சீட்டின்றி வாங்கித் தடவியவர்கள் எங்களிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

பரிசோதனையில் அந்தத் தாயாருக்குக் கேண்டிடாத் தொற்று உறுதியாயிற்று. விரலிடுக்குகளும் வெளுத்து ஊறியிருந்தன. நனைந்த கையோடு வேலை செய்வோருக்கு வரும் சேற்றுப்புண் என்றே அவர் எண்ணியிருந்தார். அதுவும் அதே பூஞ்சைதான். இரத்தச் சர்க்கரை 312. தமக்கு நீரிழிவு இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சர்க்கரை இறங்காதவரை எந்த மருந்தும், வீட்டுடையதாயினும் கடையுடையதாயினும், ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியிராது. இதற்கு நேர்மாறாகவும் சிலர் வருகிறார்கள். டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அவற்றை உண்ணும் ஆண், பெண் இருபாலருக்கும் அவ்விடத்தில் பூஞ்சை வரலாம். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள்.

வெள்ளைப்படுதல் அனைத்தும் நோயன்று என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். மாதவிலக்குகளின் இடையில், கருவுற்ற காலத்தில், நிறமும் நாற்றமும் அரிப்பும் இன்றி வருவது இயல்பே. எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்ற பேச்சில் உண்மையில்லை. விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் என்ற முறையீட்டுக்குத் தொற்றைக் காட்டிலும் மனச்சோர்வும் வாழ்க்கைச் சுமையுமே நெருக்கமாக இருந்தன. உடம்பெல்லாம் சோர்வு, இடுப்பு வலி, வெள்ளை என்று ஒரு பெண் கூறினால், அவரது தூக்கத்தையும் வீட்டையும் பற்றி நாங்கள் கேட்பது இதனால்தான்.

மலையில் மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் காய்வதில்லை. வெட்கத்தால் மறைவிடத்தில் உலர்த்துவதும் வழக்கம். வெயில் இல்லாத நாளில் சூடான இஸ்திரிப் பெட்டியை அவற்றின்மேல் நன்றாகத் தேய்த்துப் பயன்படுத்துங்கள். நனைந்த உடையை வேலை முடிந்ததும் மாற்றுங்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். பருத்தி உள்ளாடை நன்று. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் வெள்ளைப்படுதலுக்கான பச்சை நிற மருந்துப் பொதி இலவசம்.

ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் வந்தாலும், கருவுற்றிருந்தாலும், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இரத்தக் கசிவோ இருந்தாலும் வீட்டிலோ கடையிலோ காலம் கடத்த வேண்டாம். மாதவிலக்கு நின்ற பின் புதிதாக வெள்ளைப்பட்டாலும் அவ்வாறே. வரும்போது, முன்று நாட்களுக்கு முன்பிருந்தே உள்ளே எதையும் வைக்காமலும் களிம்பு தடவாமலும் வாருங்கள். பயன்படுத்திய களிம்பு, பொடி, மாத்திரை உறை அனைத்தையும், காலியானவையாயினும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யாரும் கடிந்துகொள்ளமாட்டோம். பெண் மருத்துவரிடம்தான் காட்டுவேன் என்று பதிவு செய்யும் இடத்திலேயே கூறலாம்.

அந்தத் தாயார் ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். சர்க்கரை 160க்கு இறங்கியிருந்தது, அரிப்பு இல்லை, மெலிந்த தோல் தேற இன்னும் காலமாகும். இம்முறை மகளையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துக்கொண்டார்.