வெட்கப்பட்டு மறைக்கும் ரணம்

சலவைக்கு எடுக்கும்போது வேட்டியின் பின்புறத்தில் சிறு கறை தென்படுகிறதா? "ஒன்றுமில்லை, சூட்டுக் கொப்புளம்" என்று கணவரோ, காலேஜுக்குப் போகும் பிள்ளையோ மழுப்புகிறாரா? அத்துடன் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே!

முதுகெலும்பு முடியும் இடத்தில், பிட்டங்களுக்கு நடுவிலுள்ள பிளவில், சிறு துவாரம் விழுவதுண்டு. உதிர்ந்த ரோமங்கள் உராய்வினால் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சுருண்டு கொள்கின்றன. உடம்பு அவற்றை ஏற்க மறுக்கிறது, சீழ் கட்டுகிறது. 1880-ல் அமெரிக்க டாக்டர் ஹாட்ஜஸ் இதற்குப் 'பைலோனிடல் சைனஸ்' என்று பெயர் சூட்டினார். லத்தீன் மொழியில் ரோமக் கூடு என்று அர்த்தம்!

வாலிபர்களிடமே இது அதிகம். பெண்களுக்கும் வரும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941 முதல் 1945 வரை, 78,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். குலுங்கும் ஜீப்பில் நெடுநேரம் சவாரி செய்ததே காரணம் என்று கருதி, 'ஜீப் வியாதி' என்றே அழைத்தார்கள்.

சரி, இதில் அபாயம் என்ன? இடமோ வெளியில் சொல்லக் கூசும் இடம். மூலம் என்று தாங்களே முடிவு கட்டிக் களிம்பு தடவுகிறார்கள். கட்டி உடைகிறது, வற்றுகிறது, மறுபடி கிளம்புகிறது. இப்படியே 20 வருஷம், 30 வருஷம் ஓடிவிடுகிறது. ஓயாமல் புண்ணாகி, ஓயாமல் புதுத் தோல் வளர்ந்து கொண்டிருக்கும் இடத்தில் என்றாவது ஒரு நாள் வளர்ச்சி தறிகெட்டுப் போகிறது. அதுதான் புற்றுநோய்!

உடனே கலங்க வேண்டாம். இது மிகவும் அபூர்வம். இந்நோய் உள்ள 1,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் எளிதில் விடாது. அறுத்து எடுத்த பிறகும் திரும்ப வருவதுண்டு. தொடை இடுக்கிலுள்ள நெறிகளுக்குப் பரவினால் நிலைமை கடினம்.

பழைய ரணம் திடீரென்று பெரிதாகிறதா? ஓரம் தடித்து, காலிபிளவர் போல் சதை வளர்கிறதா? தொட்டால் ரத்தம் கசிகிறதா? துர்நாற்றம் அதிகமாகிறதா? ஒரு நாளும் தாமதிக்காமல் சர்ஜனிடம் காட்டுங்கள். சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடும். சாதாரண ஆபரேஷன் ஆனாலும், நாள்பட்ட ரணமாயிருந்தால், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

இவ்வளவு தூரம் போக விடுவானேன்? அந்த இடத்தைச் சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலியே கதி என்றிருப்பவர் அவ்வப்போது எழுந்து நடக்கட்டும். முதல் கட்டி கிளம்பும்போதே டாக்டரைப் பார்க்கட்டும்.

வீட்டு ஆண்கள் கூச்சத்தால் வாய் திறக்க மாட்டார்கள். துணியில் கறையைக் கண்ட நீங்கள்தான் அன்பாகப் பேச்சை எடுக்க வேண்டும். இன்றைக்கே கேளுங்களேன்!