கனி சேர்ந்தால் வெறி கூடுமா?



பண்டிகைக் காலம் வந்தால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில இல்லங்களில் இஞ்சிப் பானம் ஊறத் தொடங்கும். இஞ்சி, சீனி, தேசிப்புளி, சிறிது மதுவம். மணத்துக்கு அன்னாசியோ உலர்ந்த முந்திரிகையோ சேரும். "இது வெறும் இஞ்சித் தண்ணீர்தானே" என்று குழந்தைகளுக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். அது வெறும் தண்ணீர்தானா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

பனஞ்சாறு இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர். தடவாது விட்டால் கள். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வதே நொதித்தல். மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியை உண்டு, மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிக்கின்றது. 1815ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கே லுசாக் இதன் கணக்கை வகுத்தார். அதன்படி, நொதிக்கும் சீனியின் எடையில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாகின்றது. நடைமுறையில், ஒரு இலீற்றரில் 17 கிராம் சீனி முற்றாக நொதித்தால் 1 சதவீத மதுசாரம் உண்டாகும்.

பத்து இலீற்றர் பானத்தில் 850 கிராம் சீனி உண்டு என்று கொள்வோம். இலீற்றருக்கு 85 கிராம். முற்றாக நொதித்தால் 5 சதவீதம். இது சாதாரண பியரின் வலிமை!

இதில் இரண்டு கிலோகிராம் அன்னாசிச் சதையைச் சேர்ப்போம். அதில் சீனி பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம். மொத்தச் சீனி 1050 கிராம். இதைப் பத்தால் வகுத்து, "ஆறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது" என்பார் பலர். ஆனால் கனி சீனியை மட்டுமா கொணர்கின்றது? ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலீற்றர் சாற்றையும் அல்லவா கொணர்கின்றது! ஆகவே 11.75ஆல் வகுத்தல் வேண்டும். இலீற்றருக்கு 89 கிராம். வலிமை ஐந்தே கால் சதவீதம் மட்டுமே. மூலப் பானத்தின் இனிப்பு அன்னாசிச் சாற்றின் இனிப்பைக் காட்டிலும் மிகுந்திருந்தால், கனி சேர்ப்பதால் வலிமை குறையவும் கூடும்.

உலர்ந்த முந்திரிகையின் கதை வேறு. அதில் நீர் சொற்பம். சீனியோ பாதிக்கும் மேல். அரைக் கிலோகிராம் இட்டால் 300 கிராம் அளவு சீனி சேரும். வலிமை ஏறத்தாழ ஆறரை சதவீதத்தை எட்டும்.

அளந்து அறிய விரும்புவோர்க்கு நீர்மானி உண்டு. சீனி மிகுந்த நீரில் அது உயர்ந்து மிதக்கும். மதுசாரம் மிகுந்தால் தாழும். முதல் அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். இடையில் கனி சேர்த்தால் முதல் அளவைத் திருத்த வேண்டும். பத்து இலீற்றர் பானம் 1.033, ஒன்றே முக்கால் இலீற்றர் சாறு 1.043 எனில், ஒவ்வொன்றையும் அதனதன் கொள்ளளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கொள்ளளவால் வகுத்தால் 1.0345. இறுதி அளவு 0.995 ஆயின் வேறுபாடு 0.0395; வலிமை ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். இரு வழிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன.

ஒன்றை மறத்தலாகாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வது குற்றமாகும். நொதித்து முடியாத பானத்தைப் போத்தலில் இறுக அடைத்தால், வாயு பெருகிப் போத்தல் வெடித்துச் சிதறவும் கூடும். இஞ்சியின் காரமும் அன்னாசியின் மணமும் மதுசாரத்தின் சுவையை நாவுக்கு மறைத்துவிடும், உடலுக்கு மறைக்கமாட்டா. குழந்தைகளுக்கு வேண்டுமாயின் மதுவம் இடாது, அன்றே பிழிந்து, அன்றே பருகக் கொடுப்பதே நன்று. நாவை நம்பாதீர்கள், நேயர்களே, கணக்கை நம்புங்கள்.